பெண்களுக்கு நடுவே ஓர் அப்பா: ஓர் அயர்லாந்து நாவலும் நம் லயத்து வீடும்

கெடாவில் பிறந்த எனக்குப் பதின்மூன்று வயது வரையில் டப்ளின் என்பது ஒரு தோட்டத்தின் பெயர்தான். கூலிம் மாவட்டத்தில் இருக்கிறது. என் பாட்டி அங்கேதான் பிறந்தார். "நான் டப்ளின்ல பொறந்தவ" என்று அவர் சொல்லும்போது குரலில் ஒரு சிறு பெருமைகூட இருக்கும். தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு, அயர்லாந்தின் தலைநகர் டப்ளின் என்று வரைபடத்தில் பார்த்தேன். அவர்கள்தான் நம்மிடமிருந்து பெயரை எடுத்திருக்க வேண்டும் என்று வகுப்புத் தோழிகளோடு வாதாடியது நினைவிருக்கிறது. துரைமார் காலத்தில் ரப்பர்க் காடுகளுக்குக் கடல் கடந்த ஊர்ப் பெயர்களைச் சூட்டிய வழக்கமெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டில் ஆங்கில இலக்கியத்தை விருப்பப் பாடமாக எடுத்தேன். விரிவுரையாளர் ஒரு பட்டியலைக் கொடுத்து, அதிலிருந்து ஒரு நாவலைப் பற்றி எழுதச் சொன்னார். ஜான் மெக்கஹர்ன் எழுதிய 'அமங்ஸ்ட் விமன்' நாவலை நான் தேர்ந்தெடுத்ததற்கு இலக்கியக் காரணம் எதுவும் இல்லை. அயர்லாந்து என்றிருந்தது, பாட்டியின் டப்ளின் நினைவுக்கு வந்தது, இருநூறு பக்கத்துக்குள் முடிந்துவிடும் என்று ஒரு தோழியும் சொன்னாள். ஆனால் முதல் சில பக்கங்களைப் படித்ததுமே புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்கள் வீட்டை யாரோ சன்னல் வழியாகப் பார்த்து எழுதியதைப் போல் இருந்தது.

இக்கட்டுரை அந்நாவலின் முழு ஆய்வு அன்று. எனக்கு அதில் ஒரே ஒரு கேள்விதான் முக்கியம். ஒரு குடும்பத்தில் பாசம் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது, ஒழுக்கமும் இருக்கிறது. ஆனால் மனத்தில் உள்ளதை யாரும் யாரிடமும் சொல்வதில்லை. இந்த மௌனத்தை யார் உண்டாக்குகிறார்கள்? அதைவிட, யார் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்?

முதலில் ஆசிரியரைப் பற்றிச் சுருக்கமாக. மெக்கஹர்ன் 1934-இல் பிறந்து 2006-இல் மறைந்தவர். தந்தை போலீஸ் சார்ஜன்ட், தாய் ஆசிரியை. ஒன்பது வயதில் தாயை இழந்து, கடுமையான தந்தையின் கையில் வளர்ந்தவர். அவரும் தொடக்கப்பள்ளி ஆசிரியராகத்தான் இருந்தார். 1965-இல் வெளிவந்த அவருடைய இரண்டாம் நாவலான 'தி டார்க்' அயர்லாந்தில் தடை செய்யப்பட்டது. ஆசிரியர் வேலையும் போயிற்று. வீட்டுக்குள் நடப்பதை எழுதினால் வெளியே உள்ளவர்களுக்கு ஏன் இவ்வளவு கோபம் வருகிறதோ தெரியவில்லை. நம் கெடாவின் லூனாஸ் மண்ணையும் 1981-இல் அங்கு நிகழ்ந்த சம்சு சாவுகளையும் பின்னணியாகக் கொண்டு ம. நவீன் எழுதிய 'பேய்ச்சி' 2019-இல் வந்தது. 2020-ஆம் ஆண்டின் இறுதியில் உள்துறை அமைச்சு அதைத் தடை செய்தது. இரண்டு நாவல்களும் வேறு வேறு தன்மையுடையவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அயர்லாந்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த எனக்கு லூனாஸ் அவ்வளவு தொலைவில் இல்லை என்பதை உணர்த்தியது இந்தச் செய்திதான்.

'அமங்ஸ்ட் விமன்' 1990-இல் வெளிவந்து, அவ்வாண்டின் புக்கர் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. தலைப்பு கத்தோலிக்கர்களின் மரியன்னை செபத்திலிருந்து எடுக்கப்பட்டது. நம் தமிழ்க் கத்தோலிக்கர்கள் அதே செபத்தில் 'பெண்களுக்குள்' என்று சொல்வார்கள். எங்கள் தாமானில் பக்கத்து வீட்டு அக்கா ஒவ்வோர் ஆண்டும் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்குப் போகிறவர். செபமாலை என்றால் என்ன, எத்தனை மணிகள், வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்றெல்லாம் அவரிடம் கேட்டுத்தான் இந்நாவலைப் புரிந்துகொண்டேன்.

கதை இதுதான். மைக்கேல் மோரன் ஒரு விவசாயி. இளமையில், 1919 முதல் 1921 வரை ஆங்கிலேயருக்கு எதிராக நடந்த விடுதலைப் போரில் ஒரு சிறு படைக்குத் தலைமை தாங்கியவர். போர் முடிந்தது, நாடு கிடைத்தது, ஆனால் அந்த நாட்டில் தமக்கு இடமில்லை என்ற கசப்பு அவருக்கு. முதல் மனைவி இறந்துவிட, ஐந்து பிள்ளைகளோடு 'கிரேட் மெடோ' என்ற பண்ணை வீட்டில் வாழ்கிறார். பிறகு ரோஸ் என்ற பெண்ணை மணக்கிறார். மேகி, மோனா, ஷீலா என்று மூன்று பெண்கள். லூக், மைக்கேல் என்று இரண்டு மகன்கள். மூத்தவன் லூக், அப்பாவின் அடி தாங்காமல் லண்டனுக்குப் போனவன், திரும்பி வருவதே இல்லை. ஒரு தங்கையின் கல்யாணத்துக்கு டப்ளின் வந்து தலைகாட்டியதோடு சரி. பெண்கள் லண்டனிலும் டப்ளினிலும் வேலை பார்க்கிறார்கள். விடுமுறை கிடைத்தால் வீட்டுக்கு ஓடி வருகிறார்கள். இளையவனும் ஒரு நாள் ஓடிப்போகிறான். அப்பாவுக்கு வயதாகிறது. இறக்கிறார். அவ்வளவுதான். கொலை இல்லை, திருப்பம் இல்லை. நம் தொலைக்காட்சித் தொடர்களில் ஒரு வாரத்தில் நடப்பதுகூட இதில் நடப்பதில்லை.

ஆனால் மெக்கஹர்ன் கதையை மோரனின் முதுமையிலிருந்து தொடங்குகிறார். வாழ்நாள் முழுக்க எல்லாரும் அஞ்சிய மனிதர், உடல் தளர்ந்ததும் தம் பெண்களுக்கு அஞ்சத் தொடங்குகிறார். அவரை உற்சாகப்படுத்த அந்தப் பெண்கள் ஒரு பழைய நாளை மீட்டெடுக்கிறார்கள். முன்பெல்லாம் ஆண்டுக்கு ஒரு முறை, சந்தை நாளன்று, போர்க்காலத் தோழர் மெக்வேட் வீட்டுக்கு வருவார். அன்று ஒரு நாள் மட்டும் மோரன் பழைய கதைகளைப் பேசுவார். பிள்ளைகள் தேநீரும் உணவும் பரிமாறிக்கொண்டே அப்பாவின் இன்னொரு முகத்தைப் பார்ப்பார்கள். மற்ற நாள்களில் போரைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார். சொந்தப் பிள்ளைகள் அப்பாவின் வாழ்க்கையை, விருந்தாளியிடம் அவர் பேசும்போது ஒட்டுக்கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்கு என் தாத்தாவின் நினைவு வந்தது. கெடா தோட்டங்களின் பழைய தலைமுறையிடம் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. 1942-க்குப் பிறகு ஜப்பானியர் சயாம் - பர்மா ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கொண்டுபோனார்கள். ஆயிரமாயிரம் பேர் திரும்பவில்லை. போருக்குப் பிறகு கள்ளுக்கடைகளை மூடச் சொல்லித் தொண்டர் படை எழுந்தது. ஹார்வர்ட் தோட்டத்து ஏ. எம். சாமியின் பெயர் அக்காலத்தில் கெடா எங்கும் ஒலித்தது. 1947-இல் பீடோங்கில் போலீஸாருடன் மோதல் நடந்தது. அதே ஆண்டு, பாட்டி பிறந்த அதே டப்ளின் தோட்டத்தில், போலீஸ் சுட்டதில் ஒரு தொழிலாளி உயிரிழந்தார். இவை எதையும் நான் வீட்டில் கேட்டதில்லை. பல்கலைக்கழக நூலகத்தில்தான் படித்தேன். படித்துவிட்டுப் பாட்டியைத் தொலைபேசியில் அழைத்து, "உங்களுக்குத் தெரியுமா?" என்றேன். "தெரியும். எங்கப்பா அங்கதானே இருந்தாரு" என்றார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "நீ கேட்கலையே" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாயா என்று விசாரித்தார்.

மோரனின் கொடுமைக்கு விமர்சகர்கள் சொல்லும் விளக்கம், வெளியே இழந்த அதிகாரத்தை அவர் வீட்டுக்குள் நடத்துகிறார் என்பது. இது நமக்குப் புதிதன்று. விடியுமுன் பிரட்டுக் களத்தில் கிராணி முன்பும் கங்காணி முன்பும் கைகட்டி நின்ற ஆண், மாலையில் லயத்து வீட்டுக்குள் நுழையும்போது தானே துரையாகிவிடுவான். செருப்புச் சத்தம் கேட்டதும் வானொலி அணையும். பிள்ளைகள் புத்தகத்தை எடுத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் லயம் போய்த் தாமான் வீடு வந்தது; ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; செம்பனையையும் விட்டுவிட்டு அப்பா லோரி ஓட்டினார்; இப்போது கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். செருப்புச் சத்தத்துக்குப் பதிலாக மோட்டார் சைக்கிள் சத்தம். மற்றபடி எதுவும் மாறவில்லை. ஆனால் இந்த விளக்கத்தோடு நின்றுவிட்டால் நாவலின் பாதியைத்தான் படித்தவர்களாவோம் என்பது என் கருத்து. ஏனெனில் தலைப்பு மோரனைப் பற்றியதன்று. அவரைச் சூழ்ந்துள்ள பெண்களைப் பற்றியது.

அந்த வீட்டில் ஒவ்வோர் இரவும் செபமாலை உண்டு. தரையில் செய்தித்தாளை விரித்து முழங்காலிட்டு, ஆளுக்குக் கொஞ்சமாக முறைவைத்துச் சொல்வார்கள். யாரோடு யாருக்குச் சண்டை நடந்திருந்தாலும் செபம் நிற்காது. நாவலில் குடும்பம் முழுவதும் ஒரே குரலில் பேசுவது அப்போது மட்டும்தான். அதுவும் மனப்பாடமான சொற்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியேற, செபம் சொல்லும் குரல்கள் குறைந்துகொண்டே வருகின்றன. இன்னொன்று, வைக்கோல் அறுவடை. அந்த நாள்களில் அனைவரும் வயலில் இறங்கி உழைக்கிறார்கள். நாவலிலேயே அவர்கள் மிக நெருக்கமாக இருப்பது அங்கேதான். இதை என் அம்மாவிடம் சொன்னபோது உடனே புரிந்துகொண்டார். சிறுவயதில் அவர் பள்ளி விடுமுறையில் பாட்டியோடு வெட்டுக்குப் போய் மங்கு துடைத்து, ஒட்டுப்பால் பிய்த்துக் கூடையில் போட்டவர். "அப்பவெல்லாம் எங்கப்பா என்கிட்ட நல்லாப் பேசுவாரு. வாளியை நேராப் புடின்னு சொல்லுவாரு" என்றார். இதுவா நல்ல பேச்சு என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ரோஸ் என்ற பாத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மாற்றாந்தாய் என்றதும் நமக்குக் கதைகளில் வரும் கொடுமைக்காரிதான் நினைவுக்கு வருவாள். ரோஸ் அப்படியில்லை. அவள் வந்த பிறகுதான் வீட்டில் சூடு வருகிறது. பிள்ளைகளுக்கு வேண்டியதை அப்பாவிடம் நேரம் பார்த்துச் சொல்கிறாள். அப்பாவின் கோபத்தை அவர்களுக்கு மென்மையாக மொழிபெயர்க்கிறாள். மோரன் அவளையே இழிவாகப் பேசும்போது, சத்தம் போடாமல், போய்விடுவேன் என்று உணர்த்தி அவரை நிறுத்தவும் தெரிந்தவள். படிக்கும் எவருக்கும் அவளைப் பிடிக்கும். எனக்கும் பிடித்தது. ஆனால் மூன்றாம் முறை படித்தபோது ஒரு சந்தேகம் வந்தது. ரோஸ் இவ்வளவு நன்றாகத் தூது போகாவிட்டால் மோரன் ஒரு நாளாவது தம் வாயால் பேசியிருப்பாரோ?

ஷீலாவுக்குப் பல்கலைக்கழகத்தில் படிக்க உதவிச் சம்பளம் கிடைக்கும் வாய்ப்பு வருகிறது. மருத்துவம் படிக்க ஆசை. மோரன் அதைத் தடுப்பதில்லை. சரி என்றும் சொல்வதில்லை. போரில் யாரோ சிந்திய இரத்தத்தில் இந்த டாக்டர்கள்தான் உயர்ந்தார்கள் என்ற காழ்ப்பு அவருக்குள் இருக்கிறது. அந்த மௌனத்தைப் படித்துக்கொண்டு, ஷீலா தானாகவே ஆசையைக் கைவிட்டு அரசாங்க வேலைக்குப் போகிறாள். எஸ்.டி.பி.எம். முடிவு வந்த நாளில் எத்தனை பேர் வீட்டில் இந்தக் காட்சி நடந்திருக்கும் என்பதை இதைப் படிக்கும் தோழிகளே அறிவீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பெண்கள் ஏன் திரும்பத் திரும்ப வருகிறார்கள்? பயம் என்று சொல்வது எளிது. மெக்கஹர்ன் இன்னும் ஆழமாகப் பார்க்கிறார். லண்டனிலும் டப்ளினிலும் அவர்கள் கூட்டத்தில் ஒருத்தி. கிரேட் மெடோவுக்குள் வந்தால் மோரன் வீட்டுப் பெண்கள். அப்பா பெரியவராக இருக்கும்வரை தாங்களும் யாரோ ஒருவராக இருக்கலாம். அதனால்தான் அவர் சிறுத்துப்போவதை அவர்களால் தாங்க முடிவதில்லை.

தமிழில் இதற்கு இணையாக நான் நினைத்துப் பார்ப்பது தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்'. 1966-இல் வந்த நாவல். அங்கே மையத்தில் இருப்பவர் தந்தையல்லர், தாய். அலங்காரத்தம்மாள் தன் மகன் அப்புவைக் காவிரிக் கரை வேதபாடசாலைக்கு அனுப்புகிறாள். அவன் வேதம் படித்து வந்தால் தன் பாவம் கரையும் என்று நம்புகிறாள். கணவர் தண்டபாணி எல்லாம் அறிந்தும் அறியாதவர் போல் இருக்கிறார். அங்கே வேதம், இங்கே செபமாலை. ஆனால் ஒரு வேறுபாட்டை விடக்கூடாது. ஜானகிராமனின் தாய் மகனிடம் ஏதோ ஒரு கட்டத்தில் மனத்தைத் திறக்கிறாள். பிறகுதான் காசிக்குப் போகிறாள். மோரனுக்கு அந்த விடுதலை கிடைப்பதில்லை.

கிடைப்பதில்லை என்று சொன்னேன். முயற்சி ஒன்று உண்டு. கடைசிக் காலத்தில் மோரன் லூக்குக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். தீங்கு செய்திருந்தால் வருந்துவதாகச் சொல்கிறார். ஆனால் அந்த வாக்கியத்தைக் கூர்ந்து பார்த்தால், பாவசங்கீர்த்தன மந்திரத்தில் வரும் எண்ணம், சொல், செயல் என்ற அதே அடுக்கு. ஒரு தந்தை மகனிடம் மன்னிப்புக் கேட்கும்போதுகூட அவருக்குச் சொந்தச் சொல் இல்லை. செபப் புத்தகத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது. நாவலில் என்னை அதிகம் வருத்தியது இந்த இடம்தான். கடைசியில், மரணப் படுக்கையைச் சுற்றிப் பெண்கள் செபமாலை சொல்லும்போது, வாழ்நாளெல்லாம் அதைச் சொல்ல வைத்தவர், வாயை மூடச் சொல்கிறார். இறுதிச் சடங்குக்கும் லூக் வருவதில்லை.

இனி என் வீட்டுக் கதை. கட்டுரையில் இது தேவையா என்று ஆசிரியர் குழுவிலுள்ள தோழி கேட்டாள். தேவை என்றே நினைக்கிறேன்.

என் அண்ணன் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு அப்பாவோடு சண்டையிட்டுக்கொண்டு சிங்கப்பூருக்குப் போனார். இரண்டு பேருமே அன்று சொல்லக்கூடாததைச் சொன்னார்கள். அதன்பின் பேச்சில்லை. அம்மாவும் நானும்தான் தூது. அண்ணன் வாரம் ஒரு முறை என்னை அழைப்பார். நான் அப்பா கேட்கும்படி, அம்மாவிடம் சொல்வது போல் சொல்வேன். அப்பா செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொள்வார். எதைச் சொல்வது, எதை விடுவது என்பதெல்லாம் என் கையில். அந்தப் பொறுப்பில் எனக்கு ஒரு சிறு கர்வமும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டு தீபாவளிக்கு முன்பு அண்ணன் என்னிடம், "அப்பா ஒரு வார்த்தை கூப்பிட்டா வரேன்" என்றார். நான் அதை அப்பாவிடம் சொல்லவில்லை. அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் அதையும் நானே அண்ணனிடம் கொண்டுபோக வேண்டுமே என்ற பயம். "வேலை அதிகமாம், லீவு கிடைக்கலையாம்" என்று சொல்லிவிட்டேன். அப்பா பதில் பேசவில்லை. எழுந்து வெளியே போனார். அண்ணனிடம், "அப்பா ஒண்ணும் சொல்லல" என்றேன். அது உண்மைதானே.

கடந்த செமஸ்டர் விடுமுறையில், மின்கட்டண ரசீது ஒன்றைத் தேடி அப்பாவின் கோப்பைத் திறந்தேன். அண்ணன் விட்டுப்போன மோட்டார் சைக்கிள் எங்கள் வீட்டின் பின்புறத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கிறது. யாரும் ஓட்டுவதில்லை. அதற்குச் சாலை வரியும் காப்புறுதியும் ஐந்து ஆண்டும் தவறாமல் கட்டப்பட்டிருந்தன. ரசீதுகள் ஆண்டு வாரியாக ஊசி குத்தி வைக்கப்பட்டிருந்தன.

நான் அன்று ரோஸைத்தான் நினைத்தேன். அன்றிரவு அப்பா பசியாறி முடித்ததும் எதிரில் உட்கார்ந்து, இரண்டு தீபாவளிக்கு முன்பு அண்ணன் என்ன சொன்னார் என்பதை அப்படியே சொன்னேன். நான் மறைத்ததையும் சொன்னேன். அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வரவில்லை. அப்பா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வெகுநேரம் கையைக் கழுவாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு, "சரி, நீயே கூப்பிட்டுச் சொல்லிடு" என்றார்.

"இல்லப்பா. நான் சொல்லமாட்டேன்" என்றேன். அப்பாவிடம் நான் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் முறை.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். சுவரில் இருந்த நாள்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"நம்பரைச் சொல்லு" என்றார். ஒவ்வோர் எண்ணாகச் சொன்னேன். எழுதி முடித்து, ஒரு முறை திரும்பப் படித்துக் காட்டினார். ஒரு எண் தவறாக இருந்தது. திருத்தினேன்.